மணிக்குப் பனியன் போட்ட மாமா

நான் படித்த தொடக்கப் பள்ளியில் மணி என்று அழைக்கப்பட்ட பொருள் உண்மையில் மணி அன்று. ரயில் தண்டவாளத்திலிருந்து வெட்டியெடுத்த முழ நீளத் துண்டொன்றைக் கம்பியில் கட்டி, முற்றத்து வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தார்கள். அதை இரும்புத் தடியால் அடிக்கும் பொறுப்பு பள்ளி ஆயாவுடையது. ஆயாவுக்குக் காது அறவே கேளாது. தமக்குக் கேட்காத ஓசை பிறருக்கும் கேட்காமல் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தால், தம் உடல் வலிமை முழுவதையும் திரட்டி அடிப்பார்.

அந்த ஓசையைப் போல இனியது உலகில் வேறில்லை என்பது நான்காம் வகுப்பில் இருந்த என் கருத்து. முதல் வகுப்பில் இருந்த என் தங்கையின் கருத்து வேறாக இருந்தது. அதை அவள் சொல்லால் தெரிவிக்கவில்லை. மணி ஒலித்த கணத்தில் வீரிட்டு அலறுவாள். சுவரில் தலையை மோதிக்கொள்வாள். தடுக்க வந்த கையைக் கடிப்பாள். உடனே ஒரு பிள்ளை என் வகுப்பு வாசலுக்கு ஓடிவந்து, "சார், அந்தக் கத்தற பாப்பாவோட அக்காவக் கூப்புடறாங்க" என்று அறிவிக்கும். நான் எழுந்து போவேன். பெருக்கல்வரை நன்றாக வந்த என் கணக்கு, வகுத்தலில் நெடுங்காலம் நொண்டியதற்கு இதுவே காரணம் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. அது முழு உண்மையாகாது.

அவளுக்கு என்ன என்று சொல்ல அன்று எங்களிடம் ஒரு சொல் இல்லை. இல்லாத அந்தச் சொல்லின் இடத்தை உறவினர்கள் ஆளுக்கொன்றாக நிரப்பினார்கள். ஒருவர் கண்ணேறு என்றார். ஒருவர் காற்றுக் கருப்பு என்றார். அத்தை ஒருவர், எல்லாம் பெற்றவள் கொடுத்த செல்லம் என்றார். மந்திரித்த கயிறுகள் அவள் கையில் ஏறின; ஏறிய வேகத்தில் அவளே அவற்றைக் கடித்து அறுத்தாள். முருகன் கோவிலில் முடி இறக்கினோம். முடி வளர்ந்தது.

அம்மா மட்டும் எந்தச் சொல்லையும் தேடவில்லை. சோறும் பொரியலும் ஒன்றையொன்று தொட்டால் அவள் உண்ண மாட்டாள் என்று கண்டபின், இரண்டு தட்டுகளில் வைத்தார். சட்டையின் தையல் உடம்பில் உரசினால் அவள் கழற்றி எறிவாள் என்று கண்டபின், உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுவிட்டார். தெருவில் யாராவது, "ஏனுங்க, புள்ளைக்குச் சட்டையத் திருப்பிப் போட்டிருக்கறீங்க?" என்று கேட்டால், "கம்பெனியில இதுதானுங்க இப்பப் புது மாடல்" என்று பதில் சொல்லிவிட்டு நடையைத் தொடர்வார். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர் சொல்வதால் அதை மறுக்க ஒருவருக்கும் துணிவு வராது.

அப்பாவும் அம்மாவும் ஒரே கம்பெனியில் வேலை செய்தார்கள். அப்பா துணி வெட்டும் மேசையில். அம்மா தைத்து வந்த பனியன்களில் தொங்கும் நூல் பிசிறை வெட்டும் இடத்தில். எங்கள் குலத்தொழில் நெசவு. தறிகள் நின்றபின் கைகள் பனியனுக்கு வந்து சேர்ந்தன.

ஒருநாள் தலைமையாசிரியர் அம்மாவை வரவழைத்தார். அவர் கடுமையானவர் அல்லர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. நான் கதவோரம் தங்கையின் கையைப் பிடித்தபடி நின்றேன்.

"ஏனுங்கம்மா, புள்ளைய அடிச்சு வளக்கச் சொல்ற ஆளு நானில்லீங்க. ஆனா மத்தப் புள்ளைகளும் படிக்கோணுமில்லீங்களா? வர்ற புதங்கெழமை ஆபீசர் பார்வையிட வர்றாருங்க. அன்னிக்கும் இப்படிக் கத்துச்சுன்னா, பொறகு ஊட்டுலயே வெச்சுக்குங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"அவ வேணும்னு கத்தறதில்லீங் சாமி."

"அது எனக்குத் தெரியுதுங்க. ஆபீசருக்குத் தெரியோணுமே!"

அன்று மாலை வீட்டில் அப்பா, "பெரியவ நல்லாப் படிக்கறான்னு வாத்தியார் சொன்னாரு" என்றார். அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி வந்த முதல் புகழுரை அது. என் நெஞ்சு நிமிர்ந்தது.

"அதுக்கென்ன இப்ப?" என்றார் அம்மா.

"சின்னவள ஊட்டுல வெச்சா ஆரு பாக்கறது? நீ நிக்க முடியுமா, நான் நிக்க முடியுமா? பெரியவளையுந்தான் பள்ளிக்கொடத்துல இருந்து நிறுத்தோணும்."

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே நின்றது. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் 'வேண்டாம்' என்று சொல்வார் எனக் காத்திருந்தேன், அவர் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் வேறு வழியும் இருக்கவில்லை.

அப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்து உண்டுகொண்டிருந்த மாமா, தட்டிலிருந்து தலையை உயர்த்தாமலே, "புதங்கெழமையா அக்கா?" என்று கேட்டார்.

"ஆமா. உனக்கெதுக்கு?"

"சும்மாங்."

மாமா என் அம்மாவின் தம்பி. நாங்கள் இருந்த லைன் வீட்டு வரிசையிலேயே கடைசி அறையில் இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. அவரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் வழங்கிய கதைகள் எல்லாம் சிரிப்பதற்கென்றே அமைந்தவை. எங்கள் பள்ளியில்தான் அவரும் இரண்டாம் வகுப்புவரை படித்தார். மணி அடிக்கும் நேரம் நெருங்கினால் சுவரேறிக் குதித்து ஓடிவிடுவாராம். அம்மாவின் அப்பாவான அப்புச்சி புளியம் விளாறால் அடித்துக் கொண்டுபோய் விடுவாராம், மறுநாளும் ஓடுவாராம். "படிப்புன்னா அத்தனை பயம் எந்தம்பிக்கு" என்று அம்மா சிரிப்பார். மாமாவும் சிரிப்பார், மற்றவர்கள் சிரித்து முடித்தபின்.

தங்கையின் காதுகுத்தில் நடந்ததும் அவ்வகையான கதையாயிற்று. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? மாமா புது வேட்டியைப் பலமுறை துவைத்துப் பழசாக்கி உடுத்திக்கொண்டு, சீர்த்தட்டுடன் முன்னால் வந்து உட்கார்ந்தார். மேளம் தொடங்கிய அந்த நொடியில் ஆளைக் காணோம். சபை திகைத்தது. ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை அவசரமாக உட்கார வைத்துக் காரியத்தை முடித்தார்கள். பந்தி எல்லாம் முடிந்தபின் கோவிலுக்குப் பின்னால் வாய்க்கால் மேட்டில் அவரைக் கண்டுபிடித்தோம். "செருப்பக் காணோமுங்க, தேடிட்டிருந்தேன்" என்றார். செருப்பு அவர் காலில் இருந்தது. மரியாதை தெரியாதவன் என்று அப்பாவின் உறவினர்கள் அதன்பின் அவருக்குப் பத்திரிகை வைப்பதை நிறுத்தினார்கள். அதை அவர் ஒரு குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை.

மாமா கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். நூல் கண்டுகள் மேலே வரிசையாகச் சுழல, கீழே துணி தையலில்லாத குழாயாக இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது, அத்தனை இரைச்சல். ஆயினும் அம்மா எங்களை அங்கே அழைத்துப் போன நாட்களில், தங்கை மாமாவின் மிஷினருகே அமர்ந்து நூற்கண்டின் காலிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டு அமைதியாக இருப்பாள். இது எனக்கு விளங்கவில்லை. ஒருமுறை அவரிடமே கேட்டேன்.

"மாமா, ஸ்கூல் மணிய விட உங்க மிஷினு எத்தனை சத்தம் போடுது! இங்க இவ கத்தவே மாட்டேங்கறா?"

"மிஷினு சொல்லீட்டு வருது கண்ணு. மணி சொல்லாம வருதல்ல?" என்றார்.

மிஷின் எப்படிச் சொல்லும் என்று கேட்டேன். அவர் அதற்குள் அறுந்த நூலொன்றை முடியப் போய்விட்டார். மாமா கூறும் பல பொருளற்ற கூற்றுகளில் அதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வந்தது. இரவு ஷிப்ட் முடித்து வந்த மாமா உறங்கப் போகாமல், மஞ்சள் பையொன்றைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு எங்களுடன் பள்ளிக்கு நடந்தார். ஆபீசருக்காகப் பள்ளி முழுவதும் அலங்கரிக்கப்பட்டிருந்தது. செடிகளைச் சுற்றியிருந்த கற்களுக்கும் வேப்பமரத்தின் அடிக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஆசிரியர்கள் உள்ளே படங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா மரத்தடிக்குச் சென்று பையிலிருந்து குழாய்த் துணியை எடுத்தார். காலுறையைக் காலில் ஏற்றுவது போல அதைத் தண்டவாளத் துண்டில் கீழிருந்து ஏற்றினார். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. கீழ் முனையை முடிந்தார். வெள்ளை வெளேரென்ற புதிய பனியன் துணியில் மணி, திருவிழாவுக்குப் புறப்பட்ட பிள்ளையைப் போலத் தொங்கியது.

"ஆருகிட்டயும் சொல்லாத அம்முணி" என்று சொல்லிவிட்டு எதிரில் இருந்த டீக்கடைக்குச் சென்று உட்கார்ந்துவிட்டார்.

ஆயா வந்தார், துணியைப் பார்த்தார். கல்லுக்கும் மரத்துக்கும் சுண்ணாம்பு அடித்தவர்கள் மணிக்கும் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று எண்ணினார் போலும். வழக்கம்போல் முழு வலிமையோடு அடித்தார். தலையணையைத் தட்டியது போல் ஓசை வந்தது. ஆபீசரின் வருகையால் பிள்ளைகள் முன்னதாகவே வரிசையில் நின்றிருந்தபடியால், மணி ஒலிக்காததை யாரும் கவனிக்கவில்லை.

ஆபீசர் வந்தார். முதல் வகுப்பையும் பார்த்தார். என் தங்கை பலகைமேல் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாளாம். ஆபீசர் அவளைக் கடந்து சென்றாராம். நின்று பார்க்கவும் இல்லையாம், என்ன என்று வினவவும் இல்லையாம். அவளுடைய டீச்சர் பின்னர் இதை வியப்போடு கூறினார். அதுவரை எந்தப் பெரிய மனிதரும் அவளை அப்படி வெறுமனே கடந்து போனதில்லை.

எங்கள் வகுப்புக்கு அவர் வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. எங்கள் ஆசிரியர் மணியை எதிர்பார்த்துக் கணக்கை நீட்டினார். மணி வரவில்லை. கணக்கு தீர்ந்துபோய்ச் செய்யுளுக்குச் சென்றார், செய்யுளும் தீர்ந்தது. பிள்ளைகளின் வயிறுகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லத் தொடங்கின. கடைசியில் ஆபீசரே கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் திரும்பி, "ஏனுங்க, உங்க ஸ்கூல்ல மத்தியானம் சோறு திங்கறதுண்டுங்களா, இல்லீங்களா?" என்று கேட்டார்.

தலைமையாசிரியர் வெளியே விரைந்தார், ஆபீசர் பின்தொடர்ந்தார், இருவரையும் தொடர்ந்து பள்ளியே வெளியே வந்தது. ஆயா தடியோடு மரத்தடியில் நின்றிருந்தார். தலைமையாசிரியர் கையசைத்துக் கேட்டது புரிந்ததும் அவருக்குச் சினம் வந்துவிட்டது. "அடிச்சனுங்களே! கை நோவ அடிச்சனுங்களே!" என்று மீண்டும் அடித்துக் காட்டினார். தொப், தொப்.

"டேய், மணி பனியன் போட்டிருக்குதுடா!" என்று ஒரு குரல் எழுந்தது. பள்ளி சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், ஆனால் தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவர் துணியை உருவி எறிந்தார். ஆயாவின் கையிலிருந்த தடியை வாங்கித் தாமே ஓங்கி ஒரே அடி அடித்தார்.

முதல் வகுப்பிலிருந்து அந்த அலறல் வந்தது.

என் கால்கள் தாமாக ஓடின. டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு மரத்தடியை நோக்கி எதிரே வந்தார், அவள் நெற்றி வீங்கியிருந்தது. டீச்சரின் புடவை முந்தானையால் அவள் தன் தலை முழுவதையும் மூடிக்கொண்டிருந்தாள். இனி நானும் அவளும் நாளைமுதல் வீட்டில் என்பது எனக்கு ஐயமறத் தெரிந்துவிட்டது. என் பலகையை உள்ளே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுத்துக்கொள்ள விடுவார்களா என்பதே அப்போது என் கவலையாக இருந்தது.

மாமா டீக்கடையிலிருந்து வந்து நின்றார்.

"உன் வேலையாடா இது?" என்றார் தலைமையாசிரியர்.

"ஆமாங் சாமி."

"ஆருங்க இவரு?" என்றார் ஆபீசர்.

"அந்தப் புள்ளையோட தாய்மாமனுங்க. பனியன் கம்பெனிக்காரன். ஏண்டா, மணிய மூடீட்டா ஊருல சத்தமே இருக்காதுன்னு நெனச்சியா?"

மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த தண்டவாளத்தையே பார்த்தபடி, "சத்தம் இருக்கட்டுமுங்க சாமி. சொல்லீட்டு வரோணுமுங்க" என்றார். பிறகு, எவரையும் கேட்காமலே தலைமையாசிரியரின் கையிலிருந்த தடியை எடுத்து, தங்கையின் முன்னால் தரையில் வைத்தார். அவளைத் தொடவில்லை. "பாப்பா, மணி வருது. நீயே அடி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார்.

ஒன்றும் நிகழவில்லை. தலைமையாசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், டீச்சர் கெஞ்சும் பார்வை பார்த்தார், அவர் அடக்கிக்கொண்டார். முந்தானைக்குள் விசும்பல் ஓய்ந்தது. ஒரு கண் வெளியே வந்தது. பின்னர் அவள் இறங்கி, தடியை எடுத்தாள். அதன் நுனியால் தண்டவாளத்தை மெல்லத் தொட்டாள். மிகச் சிறிய ஓசை எழுந்தது. அந்த இரும்பின்மேல் கன்னத்தை வைத்து, ஓசை எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மீண்டும் அடித்தாள், சற்று உரக்க. பிறகு பின்னே ஓரடி வைத்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி "மணி வருது" என்றாள். ஆயாவே மெச்சும்படி ஓங்கி அடித்தாள்.

முன்வரிசையில் இருந்த சிலர் துள்ளினார்கள். தலைமையாசிரியரும் துள்ளினார். அவள் துள்ளவில்லை; அலறவும் இல்லை.

டீச்சர்தான் முதலில் பேசினார். "சார், மணியடிக்கறதுக்கு முன்னால ஆயாவ எங்கிளாஸ் வாசல்ல வந்து நிக்கச் சொல்லுங்க. இவ போயி அடிச்சுட்டு வரட்டும். மத்தத நான் பாத்துக்கறேனுங்க."

தலைமையாசிரியர் ஆபீசரைப் பார்த்தார்.

"எனக்குப் பசிக்குதுங்க" என்றார் ஆபீசர். "மணி அடிச்சாப் போதும், ஆரடிச்சா என்ன?"

என் படிப்பைக் காத்த அரசாணை இவ்வளவே.

அன்றோடு அவள் மற்றப் பிள்ளைகளைப் போல ஆகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய்யாகும். மழை ஓட்டில் அடிக்கும் நாட்களில் அவளால் வகுப்பில் இருக்க இயலவில்லை. டீச்சர் அவளைத் தலைமையாசிரியரின் அறை மூலையில், கோணிப் பைகளுக்கு நடுவில் உட்கார வைப்பார். எழுத்துகள் மெதுவாக வந்தன. சில வரவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று "மணி வருது" என்று அறிவித்துவிட்டு ஓடும் அந்தக் குரல், அவள் ஐந்தாம் வகுப்பை முடிக்கும்வரை பள்ளியில் ஒலித்தது. இப்போது அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. என் மருமகள் மிக்ஸி போடுவதற்கு முன் "சின்னத்தை, மிக்ஸி போடறனுங்க" என்று குரல் கொடுப்பாள். குக்கருக்கும் அவ்வாறே. புதிதாக வருகிற விருந்தாளிகள், இந்த வீட்டில் பாத்திரங்களுக்குக் கூட முன்னறிவிப்பு உண்டு போலும் என்று வேடிக்கையாகப் பார்ப்பார்கள்.

சென்ற மாதம் பேரனின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அவன் வகுப்பில் ஆட்டிசம் உள்ள குழந்தை ஒன்று சேர்ந்திருக்கிறது. சிறப்புக் கல்வி ஆசிரியை என்று ஓர் இளம்பெண் எழுந்து விளக்கினார். சிலருக்கு ஓசையின் அளவைவிட அது திடீரென்று வருவதே துன்பம் என்றார்; முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாங்கிக்கொள்வார்கள் என்றார். சட்டையின் தையல், கூட்டத்தின் மேளம், முகத்தை நேரே பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இதைக் கேட்கும்போது என் நினைவுக்குத் தங்கையே வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வந்தாள். அவள் பின்னால், பலமுறை துவைத்த வேட்டியோடு, காலில் செருப்போடு, இன்னொருவரும் வந்து நின்றார். அவர் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அவருக்கு எப்படி இருக்கிறது என்று எவரும் ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமையின் மாலையைச் சொல்லி முடிக்கிறேன். எங்களை அழைத்துப் போக மாமா பள்ளி வாசலில் நின்றிருந்தார். நான் பையோடு அவர் அருகில் போய் நின்றேன். முற்றத்தில் தங்கை "மணி வருது" என்றாள், அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். மாமா இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்தியிருந்தார். கண்கள் மூடியிருந்தன, பற்கள் இறுகியிருந்தன, நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. கால்கள் மட்டும் அந்த வாசலை விட்டு அசையவில்லை.

அவர் பாப்பாவைப் பார்த்து விளையாட்டுக் காட்டுகிறார் என்று நான் நினைத்தேன். எனவே நானும் என் காதுகளைப் பொத்திக்கொண்டு, அவரைப் போலவே முகத்தைச் சுருக்கி, விழுந்து விழுந்து சிரித்தேன்.